அண்ணியின் கட்ட எழுத்து

டிவியில் ஒரு வரி ஓடத் தொடங்கியதும் அண்ணி செருப்பைக்கூடப் போடாமல் தெருக்கோடிக்கு நடப்பாள். அங்கே கடைசி வீட்டில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி. எங்கள் கேபிள் ஒயர் போய் முடிகிற இடம் அது. அதனால் அந்த டிவியில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஆட்கள் பனிக்குள் நடப்பது போலத்தான் இருக்கும். அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, படத்துக்கு அடியில் ஓடும் எழுத்தைப் பார்ப்பாள். உள்ளே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

"இன்னாம்மா, குழம்பு வேணுமா?" என்பார் அந்த வீட்டுப் பெரியவர்.

"வேணாங்க. அந்த ரெண்டாவது வார்த்த இன்னான்னு படிங்க."

அவர் படிப்பார். சரியாகப் படித்தால் திரும்பிவிடுவாள். தப்பாகப் படித்துவிட்டால் எழுத்தைத் திருத்த உட்கார்ந்துவிடுவாள், அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

என் அண்ணன் திருத்தணியில் கேபிள் டிவி நடத்தத் தொடங்கியது தொண்ணூறுகளின் நடுவில். எங்கள் வீட்டு முன்னறைதான் கண்ட்ரோல் ரூம். மத்தியானம் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம். அடியில் விளம்பரம் ஓட விடலாம் என்று ஆசைப்பட்டு சென்னை போய் ரிச்சி தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். கீபோர்டுதான் மொத்தக் கம்ப்யூட்டரே. திரைக்கு டிவியையே மாட்ட வேண்டும். அரக்கோணத்தில் டிவி ரிப்பேர் பார்க்கிற ஒருவர் ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தார். எழுத்து படத்தின் மேல் ஏறி ஓடியது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது.

அண்ணி அம்மையார்குப்பத்துக்காரி, எங்கள் மாமன் மகள். வீட்டுக்குள் பாதி தெலுங்கு என்பதால் அண்ணனை அவள் கூப்பிடுவது பாவா. அவளுடைய நைனா சேலை பார்டருக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் மாங்காயையும் மயிலையும் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பார். அதைப் பார்த்துத் தறியில் மாட்டுகிற அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அண்ணி அந்தத் தாள்களுக்கு நடுவில் வளர்ந்தவள். கம்ப்யூட்டரில் ஒரு எழுத்து எட்டுக்கு எட்டு கட்டத்துக்குள் நிற்கிறது என்று அண்ணன் சொன்னதும், "அவ்ளோதானே?" என்றாள்.

அவ்வளவு சுலபமாக இல்லை. 'ட', 'ப', 'ம' எல்லாம் அன்றைக்கே வந்து உட்கார்ந்துவிட்டன. 'ண' அடங்கவே மாட்டேன் என்றது. 'ழ'வின் வாலுக்குக் கீழே இடமில்லை. 'எ'யில் ஒரு கட்டம் சேர்த்தால் 'ஏ'. ஆனால் அந்த ஒரு கட்டம் தெருக்கோடி டிவியில் காணாமல் போய்விடும். செங்குத்தான கோடு ஒரு கட்டம் மட்டும் இருந்தால் நெளிந்து மறைந்துவிடுகிறது என்று பார்த்து, அப்படிப்பட்ட கோடுகளை எல்லாம் இரட்டைக் கட்டம் ஆக்கினாள். மெய்யெழுத்தின் புள்ளியைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டாள். அகலமான எழுத்துக்கு இரண்டு எழுத்தின் இடம் கொடுத்தாள். வளைவெல்லாம் மலைப் படிக்கட்டு மாதிரி ஆயிற்று.

"கோலம் மாதிரி அழகா இருக்குது அண்ணி" என்று ஒருநாள் சொன்னேன்.

"கோலத்த யாரும் தப்பாப் படிக்க முடியாது பாப்பா. இத முடியும்" என்றாள். சிரிக்கவில்லை.

அதுதான் அண்ணி. எதைப் பார்த்தாலும், இதை எவனாவது வேறு மாதிரி எடுத்துக்கொள்வானா என்றுதான் அவளுக்குத் தோன்றும். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் முதலில் தப்பு தேடுவாள். அம்மா "சோறு போதும்" என்றால், "போதும்னா நிறைஞ்சுதா, பிடிக்கலையா?" என்று கேட்பாள். அவளோடு பேசுவதற்கு முன்னால் நான் வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பிரியம் இல்லாமல் இல்லை. பயமும் கூடவே இருந்தது.

இந்தக் குணம் முற்றியது ஒரு சாவுச் செய்தியால். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் அம்மா இறந்துவிட்டார். "பஜார் பாத்திரக்கடை முதலாளி அவர்களின் தாயார் காலமானார்" என்று அண்ணன் ஓட விட்டான். ஓடுகிற வரியில் ஒவ்வொரு எழுத்தாகத்தானே உள்ளே வரும்? பாதிப் பேர் 'பாத்திரக்கடை முதலாளி' வரைக்கும் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்தபோது 'காலமானார்' ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அவருடைய பங்காளிகள் வேன் பிடித்து வந்து மாரடித்துக்கொண்டு இறங்கினார்கள். முதலாளி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்த அத்தை ஒருத்தி அங்கேயே மயங்கி விழுந்தாள். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. "எழுத்து சரியாத்தான் இருந்துச்சு பாவா. வந்த வரிசைதான் தப்பு" என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு முறை, ஒரு நர்ஸிங் ஹோமிலிருந்து கம்பவுண்டர் ஓடி வந்தார். பிரசவத்தில் ரத்தம் வேண்டும், ஓ பாசிட்டிவ். அவசரத்தில் 'ஓ' போட்டு, பக்கத்தில் கூட்டல் குறி போடச் சொன்னார். அண்ணி கையை எடுத்துவிட்டாள்.

"கூட்டல்ல நிக்கிற கோடு மறைஞ்சா கழித்தல் ஆயிடும். வார்த்தையா எழுதணும்."

"யம்மா, அங்க உயிர் போய்க்கினு இருக்குது!"

"அதுக்குத்தான் சொல்றேன். தப்பான ஆள் வந்து நின்னா அந்த நேரமும் போயிடும்."

அவர் கத்தக் கத்த 'பாசிட்டிவ்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ஆள் வந்தது, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கம்பவுண்டர் அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

ஓடுகிற எழுத்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை குறைந்த பிறகு, நிற்கிற எழுத்து ஒன்று செய்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் நான்காக்கி, செங்கல் அடுக்கியது போலத் திரை நிறைய நிற்கும். மலைக்கோயிலில் கல்யாணம் நடத்துகிற வீட்டுக்காரர்கள் "மணமக்கள் வாழ்க" என்று அதில் போடச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கல்யாண எழுத்து. பிற்பாடு, ரெண்டாயிரம் வந்த பிறகு, சிவப்பு விளக்கில் எழுத்து ஓடுகிற போர்டுகள் கடைக்குக் கடை ஏறினபோது, அரக்கோணத்தில் அதைச் செய்கிறவர்கள் அண்ணியின் எழுத்தைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் எனக்கு அந்த எழுத்தை நினைத்தால் கல்யாணமும் கடையும் ஞாபகம் வருவதில்லை. மழை நாள்தான் வருகிறது.

அது கார்த்திகை மாதம். விடாத மழை. ஊருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஏரி, அதற்குக் கீழே பள்ளத்தெரு. அந்தத் தெருவுக்கும் ஸ்கூல் இருக்கிற மேட்டுக்கும் நடுவில் ரயில் பாதை போகிறது, அதைக் கடக்க ஒரு ரயில்வே கேட். சாயங்காலம் படம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு வீட்டுக்கு அறுந்துபோன ஒயரைக் கட்டப் பள்ளத்தெருவுக்குப் போயிருந்தான். அண்ணியும் நானும்தான் முன்னறையில். தலையாரி குடை இருந்தும் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார்.

"கேபிள்காரரு இல்லையா?"

"பள்ளத்தெருவுல கம்பத்து மேல கீறாரு. இன்னா சொல்லுங்க."

"ஏரி ஒடைஞ்சிடுச்சுன்னு எவனோ கிளப்பி விட்டுட்டான். ஜனங்க புள்ளகுட்டிய தூக்கிகினு ரயில் லைன் மேல ஏறி ஓடுது. வண்டி வர நேரம். ஏரி உடையவில்லை, பீதி அடைய வேண்டாம்னு உடனே ஓட விடும்மா."

அண்ணி கீபோர்டில் கை வைத்தாள். தட்டவில்லை. திரையில் எப்படி வருமோ அப்படியே வாயால் சொல்லிப் பார்த்தாள். "ஏரி... உடைய..."

நிறுத்தினாள். "இது வரைக்கும் வந்ததுமே மிச்சம் இருக்கிறவங்களும் எழுந்து ஓடிடுவாங்க. 'வில்லை' வரும்போது பார்க்கறதுக்கு வீட்டுல ஆள் இருக்காது."

"அப்ப கரை பலமா இருக்குதுன்னு போடு."

"பலமா இருக்குதா?"

"காலையில பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"இப்ப?"

அவர் குடையை மடக்கினார். குடையிலிருந்து தண்ணீர் தரையில் ஓடியது. "இப்ப கிட்டவே போக முடியலம்மா. ஓடை வழிய மூடிடுச்சு."

"அப்ப உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அண்ணி எழுந்து நின்றாள். அண்ணன் அந்தத் தெருவில்தான் இருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும், தாலிக்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். தெரிந்ததை மட்டும்தான் எழுதலாம் என்றால் என்ன தெரியும்? லைன் மேல் ஏறினால் ஆபத்து, அது தெரியும். "ரயில் பாதை வேண்டாம்" என்று போடலாமா என்று நான் கேட்டேன். தலையை ஆட்டினாள். "ரயில் பாதைன்னு கண்ணுல பட்டதும் அங்கதான் போவாங்க."

படத்தை நிறுத்தினாள். வெறும் நீலத்திரை. அதில் கல்யாண எழுத்து, மூன்று வரி.

பள்ளத்தெரு
மேட்டு ஸ்கூலுக்கு வாங்க
கேட் வழியா

தலையாரி பதறிப்போனார். "இன்னாம்மா பண்றே? வாங்கன்னா தெருவே காலியாகும். ஏரி ஒடைஞ்சிடுச்சுன்னு நானே வந்து சொன்ன மாதிரி ஆயிடும். எடு அத!"

"நான் ஏரின்னே எழுதலையே."

"என் வேலை போயிடும்மா."

"கேட்டுக்கு வந்தா கேட்டுக்காரரு மூடி நிறுத்துவாரு. லைன் மேல யாரு நிறுத்துவாங்க, சொல்லுங்க."

பிளக் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், கை கொஞ்சம் உயர்ந்தது. அண்ணி நகர்ந்து பிளக்குக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். ரயில் ஹாரன் எங்கிருந்தோ கேட்டது. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், யாரை என்று தெரியவில்லை. குடையை எங்கள் வாசலிலேயே போட்டுவிட்டு கேட்டைப் பார்க்க ஓடினார்.

"பாப்பா, தெருக்கோடிக்குப் போய்ப் படிக்கச் சொல்லு" என்றாள் அண்ணி.

நனைந்துகொண்டே ஓடினேன். பெரியவர் ஒரு எழுத்து பிசகாமல் படித்தார். படித்து முடித்துவிட்டு, "ஐயையோ, ஏரி ஒடைஞ்சிடுச்சா?" என்றார்.

திரும்பி வந்து இரண்டையும் அண்ணியிடம் சொன்னேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீபோர்டுக்குப் போன கை பாதியில் நின்றது. மாற்றி எழுத வேறு வார்த்தை இல்லை. ஹாரன் இன்னும் கிட்டத்தில் கேட்டது.

"இருக்கட்டும்" என்றாள்.

வண்டி கடந்து போகிற சத்தம் எங்கள் வீட்டு ஜன்னலை அதிர வைத்தது. அது முழுசாகப் போய் முடியும் வரைக்கும் அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அண்ணன் யாரோ ஒருவரின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சேறும் சகதியுமாக வந்தான். டிவியைப் பார்த்தவர்கள் வெளியே வந்து லைன் மேல் நின்றவர்களைக் கூவிக் கூப்பிட்டதாகவும், எல்லாரும் கேட்டில் நின்று வண்டி போன பிறகு ஸ்கூலுக்கு ஏறினதாகவும் சொன்னான். பிறகு கேட்டான்: "யாரு சொல்லி எழுதினே?"

"யாரும் சொல்லல பாவா."

ஏரி உடையவில்லை. மறுநாள் வெயிலே அடித்தது.

பள்ளத்தெருவில் ஒரு டெய்லர் இருந்தான். எங்கள் வீட்டு ஜாக்கெட் எல்லாம் அவன் தைத்ததுதான். அவன் அப்பா படுத்த படுக்கை. அன்றைக்கு அவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி, கொட்டுகிற மழையில் கேட்டில் நிறுத்தி வைத்து, ஸ்கூலுக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் கண்டு அந்த வாரமே அவர் போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்து, மொட்டைத் தலையோடு டெய்லர் எங்கள் வாசலுக்கு வந்தான். அண்ணன் உள்ளே கூப்பிட்டான். அவன் படி ஏறவில்லை.

"ஏரி ஒடையலையேக்கா. அப்புறம் ஏன் கூப்பிட்டே?"

"ஒடைஞ்சுதுன்னு நான் எழுதலப்பா."

"நீ எழுதல. ஆனா நாங்க அப்படித்தானே படிச்சோம்."

அண்ணி லைன் மேல் நின்றவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், வண்டியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லப் போனேன், என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவன் திரும்பி நடந்தான்.

அதன் பிறகு அண்ணி கீபோர்டைத் தொடவில்லை. அண்ணனே விளம்பரங்களைத் தட்டினான், தப்பும் தவறுமாக. தெருக்கோடிக்கு நடப்பதும் நின்றது. "உன் அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கடைசி வீட்டுப் பெரியவர் என்னிடம் கேட்டார். பஜாரில் சிலர் அவள் காதில் விழும்படியே, "ஏரிய ஒடைச்சவ வர்றா பாரு" என்றார்கள். அவள் காய்கறிப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

அடுத்த மழைக்காலம் அதைவிட மோசமாக வந்தது. ஒரு மத்தியானம் வாசலில் யாரோ மொபெட்டைக் கீழே போடுகிற சத்தம். டெய்லர். முழங்கை வரைக்கும் சேறு.

"அக்கா, கரை வேர்க்குது."

அண்ணி சமையல்கட்டிலிருந்து வந்தாள். "நீ பார்த்தியா?"

"ஆங். கைய வெச்சுப் பார்த்தேன். தண்ணியோட மண்ணும் வெளியில வருது. தெருவுல சொன்னா ஒருத்தனும் நம்பல. போன வருஷமும் இப்படித்தான்னு சிரிக்கிறானுங்க. நீ எழுது."

"நான் எழுதினா இன்னும் சிரிப்பாங்க."

அண்ணன் தலையாரிக்கு ஆள் அனுப்பலாம் என்றான். அண்ணி அவனைப் பார்க்கவே இல்லை. டெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "உன் பேரப் போடட்டா?"

அவனுக்குப் புரியவில்லை.

"கரையில மண்ணு கரையுது, நீ உன் கண்ணால பார்த்தேன்னு போடுறேன். அன்னிக்கு யாரு நைனாவ தூக்கிகினு போயி பறிகொடுத்தாங்கன்னு தெருவுக்கே தெரியும். நீயே வரச் சொல்றேன்னா வருவாங்க." நிறுத்திவிட்டு, "ஒருவேளை ஒடையலன்னா, என்ன ஏசின மாதிரி உன்னையும் ஏசுவாங்க" என்றாள்.

டெய்லர் தன் கையிலிருந்த சேற்றைப் பார்த்தான்.

"போடு" என்றான்.

அண்ணி உட்கார்ந்தாள். ஒரு வருஷமாகத் தொடாத கீபோர்டு. ஒரு எழுத்தை அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். கரையில் மண் கரைகிறது, இன்னார் பார்த்தார், மேட்டு ஸ்கூலுக்கு வாங்க, கேட் வழியா. திரை கொள்ளாமல் இரண்டு பக்கமாக்கி மாற்றி மாற்றி நிற்க வைத்தாள். இரண்டு பக்கத்திலும் அவன் பெயர் இருந்தது. அவன் அதைப் படித்துவிட்டு மொபெட்டை நிமிர்த்தி, மழைக்குள் பள்ளத்தெருவுக்கே திரும்பிப் போனான், வீடு வீடாகக் கதவைத் தட்ட.

முதலில் யாரும் வரவில்லையாம். பிறகு ஒரு குடும்பம், அவர்களைப் பார்த்து இன்னொரு குடும்பம். இருட்டுவதற்குள் தெரு காலியாகிவிட்டது. விடியும்போது ஏரிக்கரையின் தெற்கு மூலை போய், பள்ளத்தெருவில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. உள்ளே ஒரு ஜீவனும் இல்லை. டெய்லருடைய மெஷின் உட்பட எல்லாம் தண்ணீருக்குள்.

காலையில் அண்ணியும் நானும் ஒரு பெரிய தூக்குச்சட்டியில் டீ எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனோம். வராண்டா முழுக்க ஈரத்துணி, அழுகிற குழந்தைகள். எல்லாரும் அண்ணியிடம் டம்ளரை நீட்டினார்கள். டெய்லர் கடைசிப் படியில் தனியாக உட்கார்ந்து தண்ணீர் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி அவன் முன்னால் போய் நின்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டான். இரண்டு வாய் குடித்தான்.

"நைனா இருந்திருந்தா இந்தத் தடவையும் கட்டிலோட தூக்கிகினுதான் வந்திருப்பேன்" என்றான், அவளைப் பார்க்காமல்.

அண்ணி தூக்கைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஈரப்படியிலேயே அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.